நீல நீர்: ஒரு கண் நோயின் வரலாறு

அரபு மொழியில் இன்று கண்புரையை 'வெள்ளை நீர்' என்றும் குளுக்கோமாவை 'நீல நீர்' என்றும் சொல்கிறார்கள். இரண்டு பெயரிலும் நீர் வருகிறது. ஆனால் முன்னதில் நீருக்கு வேலையே இல்லை. கண்வில்லை மங்குவதுதான் அந்த நோய். நீரால் வரும் கேடு பின்னதுதான். இந்த வேறுபாடு தெளிவாகப் பல நூற்றாண்டுகள் சென்றன. நம் ஊர்களில் அது இன்னும் முழுதாகத் தெளியவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்கரின் கண் மருத்துவ அறிவை அரபு மொழியில் பத்துப் பகுதிகளாகத் தொகுத்தார். 1000ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ஈஸா கண் வைத்தியர்களுக்கென ஒரு கைநூல் எழுதினார். அதே காலத்தவரான அம்மார் அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் கண்புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை விவரித்தார். ஏதோவொரு நீர் இறங்கி வந்து கண்மணிக்குப் பின்னால் உறைகிறது என்பதே அன்றைய கருத்து. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ஷம்ஸுத்தீன் 'கண்மணியின் தலைவலி' என்று ஒரு நோயைக் குறித்து வைத்தார். கண்வலி, ஒற்றைத் தலைவலி, கண்மணி விரிதல், நாட்பட்டால் கண் இறுகிப் பார்வை போதல் என்பன அதன் குணங்கள். குளுக்கோமாவின் ஒரு வகையை அவர் கண்டிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

கண் கல்லாய் இறுகுவதை இங்கிலாந்தில் ரிச்சர்ட் பானிஸ்டர் 1622இல் எழுதினார். 1857இல் பெர்லினின் கிரேஃபே கருவிழித்திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, திடீரென அமுக்கம் ஏறிய கண்களைக் காப்பாற்றிக் காட்டினார். கண்ணின் முன்னறையிலுள்ள நீர் எங்கே வடிகிறது என்பதை 1873இல் லேபர் சாயம் செலுத்திக் கண்டறிந்தார்.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மாரி மழையில் மட்டக்களப்பு வாவி நிறைந்து, முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தால், படுவான்கரை வயல்கள் மூழ்கும். அப்போது மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விட வேண்டும். கண்ணின் முன்னறையில் இருப்பது சுமார் கால் மில்லிலீற்றர் நீர். அது ஓயாமல் ஊறி, ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குள் முழுதும் மாறிவிடுகிறது. வாய்க்கால் அடைபட்டால் அமுக்கம் ஏறிப் பார்வை நரம்பு நசிகிறது. வாயே மூடிக்கொள்வது ஒரு வகை. வாய் திறந்திருந்தும் உள்ளே வடிகட்டி அடைபடுவது இன்னொரு வகை. 1938இல் பார்க்கன் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். அமுக்கம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு நசியும் கண்களும் உண்டு.

அடைப்பு ஏன் வருகிறது? அதற்கு விடை தேடித்தான் ஆய்வாளர்கள் அந்த நீருக்குள்ளேயே இறங்கினார்கள். இரத்தத் திரவத்தோடு ஒப்பிட்டால் கண்நீரில் புரதம் சில நூறில் ஒரு பங்குதான். சத்திரசிகிச்சையின் தொடக்கத்தில் எடுக்கும் ஓரிரு துளியில் அதைத் தேடுகிறார்கள். கோணம் திறந்திருக்கும் வகையில், திசுவைத் தடிக்கச் செய்யும் டிஜிஎஃப் பீட்டா-2 என்னும் புரதம் மிகுந்திருப்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. பொடுகுபோல் வெண்துகள் படியும் வகையோடு தொடர்புடைய எல்ஓஎக்ஸ்எல்-1 என்னும் மரபணு 2007இல் ஐஸ்லாந்தில் இனங்காணப்பட்டது; அடுத்த ஆண்டே சென்னையில் இந்திய நோயாளரிடமும் அத்தொடர்பு உறுதியானது. சீனி வருத்தம் முற்றிய கண்ணில் புது இரத்தக் குழாய்கள் முளைத்து வழியை அடைக்கும் வகையில், விஈஜிஎஃப் என்னும் புரதம் பெருகுகிறது. அதை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாக ஏற்றுகிறார்கள்.

ஆக, ஒரே பெயரில் பல நோய்கள். ஆனால் இந்தப் புரதங்களைக் கொண்டு நோயை முற்கூட்டி அறியும் சோதனை இன்னும் வைத்தியசாலைக்கு வரவில்லை. நலமான கண்ணில் ஊசி ஏற்றி நீர் எடுக்க முடியாது; ஆதலால் கண்புரை நோயாளரின் நீரோடுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். நோயாளிகள் இடும் மருந்துத் துளிகளும் புரத அளவை மாற்றக்கூடும்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலுமான 5,150 பேரைப் பரிசோதித்து அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 வீதத்தினருக்குக் குளுக்கோமா இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை அறிந்திருக்கவில்லை.

என் மூத்தம்மாவும் அப்படித்தான். ஒரு கண் மங்கியபோது, "வெள்ளை விழுந்திரிக்கி, முத்தட்டும், பொறகு வெட்டலாம்" என்று ஊரில் சொன்னார்கள். முற்றட்டும் என்று காத்திருந்ததில் மற்றக் கண்ணும் போயிற்று. அது வெள்ளையல்ல, அமுக்கம் என்பது அதன் பிறகே தெரிந்தது. கண்புரையில் காத்திருந்தவர் பின்னர் பார்வை பெறலாம். குளுக்கோமாவில் போனது போனதுதான். எஞ்சியதைத்தான் காக்க முடியும்.

இது குடும்பவழி வரும் நோய். தாய், தகப்பன், உடன்பிறந்தோர் யாருக்கேனும் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு. 40 வயதைக் கடந்தவர்கள் அமுக்கத்தை அளப்பதோடு நிற்காமல், கண்ணின் உள்நரம்பையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆய்வுகூடங்கள் துளி நீரைப் படித்து முடிக்கும்வரை நமக்குள்ள வழி அதுவே. அதற்கு முதலில் வெள்ளை வேறு, அமுக்கம் வேறு என்று நம் வீடுகளில் பேசப் பழக வேண்டும்.