பாரசீகத்துக் குங்குமப்பூ

குங்குமப்பூச் செடி விதை தருவதில்லை. மலட்டுச் செடியாதலின், மனிதன் கிழங்கைப் பிரித்து நட்டாலன்றி அது பெருகாது. அதன் மூதாதை கிரேக்க நாட்டது என 2019 இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. ஆயினும் இன்று உலக விளைச்சலிற் பெரும்பகுதி ஈரானுடையது.

குராசானிற் கோடை முழுதும் மண்ணுள் உறங்கும் கிழங்கு, இலையுதிர்காலத்திற் பூக்கும். வெயில் ஏறுமுன் பூக்களைக் கொய்து, ஒவ்வொன்றிலும் உள்ள மூன்றே செந்நிறச் சூல்முடிகளைக் கையாற் பிரித்தெடுப்பர். ஒரு கிலோ உலர்ந்த சரக்குக்கு ஏறத்தாழ 150,000 பூக்கள் வேண்டும். இவ்வுழைப்பிற் பெரும்பங்கு பெண்களுடையது.

விலைமிக்க சரக்கிற் கலப்படம் புகுவது இயல்புதானே? 1444 இல் நியூரம்பேர்க் நகரம் கலப்படக்காரர் ஒருவரைத் தீயிலிட்டது. இக்காலத்து வஞ்சனையோ மென்மையானது: மொத்தமாக ஏற்றுமதியாகும் ஈரானியப் பூ ஸ்பெயினிற் பொதியப்பெற்று, சில வேளை அந்நாட்டுப் பெயராலேயே விலைபோகின்றது.