பிரிந்து வாழ்வதும் விவாகரத்தும்: நம்ம பக்கத்து வரலாறு

மாடம்பாக்கமோ சேலையூரோ, ஒரு பெண் புருஷனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் முதல் கேள்வி, "விவாகரத்து ஆயிடுச்சா?" என்பதுதான். ஆகவில்லை என்றால் 'வாழாவெட்டி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். விவாகரத்து ஆகும்வரை சட்டத்தில் அவளுக்கு எதுவுமே இல்லை என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால், பிரிந்து வாழும் மனைவிக்கான ஜீவனாம்சம், இந்துக்களின் விவாகரத்துச் சட்டத்தை விட வயதில் மூத்தது!

ஐம்பது ரூபாய்

1898-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொது. வசதி இருந்தும் மனைவியைக் கவனிக்காத கணவனை மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1923-ல் அது 100 ஆனது, 1955-ல் 500. அந்த 500 ரூபாய் மத்தியச் சட்டத்தில் 2001 வரை அப்படியே இருந்தது. அரிசி விலை எங்கோ போய்விட்டது, ஜீவனாம்சம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

1973-ல் வந்த புதிய சட்டத்தில் இது 125-வது பிரிவானது. மறுமணம் செய்யாத, விவாகரத்தான பெண்ணும் கேட்கலாம் என்பது அப்போது சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு.

செங்கல்பட்டில் கேட்ட குரல்

இனி விவாகரத்துக்கு வருவோம். பல சாதிகளில் பஞ்சாயத்து கூட்டி 'அத்துவிடுவது' பழைய வழக்கம். ஆனால் சாஸ்திரத்தை ஒட்டிய இந்துச் சட்டத்தில் கல்யாணம் ஆயுள் பந்தம். அதிலும் ஆணுக்கு ஒரு வசதி, இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு அதுவும் இல்லை.

1929 பிப்ரவரியில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. எங்கே தெரியுமா? நம்முடைய இன்றைய மாவட்டத் தலைநகரான செங்கல்பட்டில். பெண்ணுக்குச் சொத்துரிமையோடு, வேண்டாத மணத்திலிருந்து விலகும் உரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. கணவன் இரண்டாம் கல்யாணம் செய்தால் முதல் மனைவி தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது 1946-ம் ஆண்டுச் சட்டம். 1949-ல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்தையும் அனுமதித்துச் சட்டம் போட்டது. பம்பாய் 1947-லேயே விவாகரத்தை அனுமதித்திருந்தது. நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல்தான். டெல்லியை விட நாம் ஆறு வருஷம் முந்தி!

1955-ம் ஆண்டுச் சட்டத்தில் கொடுமை என்று காட்டினால் நீதிமன்றம் மூலம் தனித்து வாழும் உத்தரவு மட்டும்தான் கிடைக்கும். அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்க முடிந்தது 1976 திருத்தத்துக்குப் பிறகு. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் அப்போதுதான் வந்தது. கிறிஸ்தவப் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். 1869-ம் ஆண்டுச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் கள்ள உறவு மட்டுமே போதும். மனைவியோ கள்ள உறவோடு கொடுமை, கைவிடுதல் மாதிரி இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அது மாறியது 2001-ல்.

எந்த ஊர் கோர்ட்?

மதுரையில் கல்யாணம், மும்பையில் குடித்தனம், இப்போது மாடம்பாக்கத்தில் அம்மா வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன் இன்னும் மும்பையில்தான் இருக்கிறான். முன்பெல்லாம் இந்தப் பெண் மதுரைக்கோ மும்பைக்கோதான் போய் விவாகரத்து வழக்குப் போட வேண்டும். கைக்குழந்தையோடு எத்தனை வாய்தாவுக்கு ரயில் ஏறுவாள்? 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தான் இப்போது வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனு போடலாம். பார்க்கச் சின்னத் திருத்தம்தான். ஆனால் உரிமை ஏட்டில் இருப்பதற்கும் கைக்குக் கிடைப்பதற்கும் உள்ள தூரம் அதுதான்.

பத்திரத்தில் கையெழுத்து

இன்றும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் "இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம்" என்று எழுதி வாங்குகிறார்கள். இதில் இரண்டு ஆபத்து. முதலாவது, அது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படியான விவாகரத்தை 1955-ம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்றாலும், அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கல்யாணம் செல்லாது. இரண்டாவது, இருவரும் சம்மதித்துத் தனித்தனியே வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்ற விதி அந்த 144-வது பிரிவிலேயே இருக்கிறது. அடி தாங்காமல் வந்தவள் 'மனம் ஒத்து' என்று கையெழுத்துப் போட்டால், அதே காகிதத்தை நாளைக்கு அவளுக்கு எதிராக நீட்டுவார்கள்.

அதனால் யாராவது பத்திரத்தோடு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாகவே வக்கீல் கொடுப்பார்கள். 1929-ல் தீர்மானம் போட்ட அதே செங்கல்பட்டிலும் அது இருக்கிறது.