திரும்பாத மிதிவண்டி

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பேருந்தில் செல்வோர் முதலில் ஆர்வத்தோடு எண்ணத் தொடங்கி, முப்பதாவது வளைவுக்குள் தலைசுற்றிக் கண்மூடிக்கொள்வது வழக்கம். விடுமுறை நாட்களில் அச்சாலையில் மிதிவண்டியோடு ஏறும் இளைஞர்களையும் காணலாம். மேகம் இறங்கிவிட்டால் முன்னே செல்பவன் அடுத்த வளைவில் கரைந்துபோவான். சற்றுப் பொறுத்து மேலேயிருந்து மணியோசை கேட்கும். கீழே நிற்பவன் மூச்சு விடுவான்.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் இக்கட்டுரை. மணியோசை கேட்காதபோது என்ன நடக்கிறது? யார் தேடுகிறார்கள், யார் தேடப்படுகிறார்கள், தேடுதலுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

கொல்லிமலைக்கு இக்கேள்வி புதிதன்று. சங்க இலக்கியம் அறிந்தோர்க்குக் கொல்லிப்பாவை நினைவுக்கு வருவாள். சிரித்தே உயிர்கொள்ளும் பாவை அவள். வந்தவர் திரும்பாமல் போகும் மலை என்ற அச்சம் அப்படிமத்தின் அடியில் இருப்பதாகவே நாங்கள் கருதுகிறோம். இதைவிட அழுத்தமானது அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக்கதை. (கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்வோர் என்பதே பொருள்.) காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வேட்டைநாய்களோடு மலைக்காடுகளுக்குள் வந்தனர். நாய்கள் மட்டும் தனியே ஊர் திரும்பின. ஆண்கள் இறந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்த மனைவியர் வீடுகளுக்குத் தீயிட்டு மாண்டனர். பின்னர் வந்து பார்த்த சகோதரர்களுக்கு ஊரில் ஒன்றும் எஞ்சவில்லை; மலைக்கே திரும்பி, வேறு பெண்களை மணந்து, ஆளுக்கொரு மலையில் குடியமர்ந்தனர். சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை மக்கள் அவர்கள் வழிவந்தோர் என்கிறது வாய்மொழி மரபின் ஒரு வடிவம்.

தேடப்படாமல் போனவர்களிடமிருந்து ஒரு மக்கள் கூட்டம் பிறந்தது என்று சொல்லும் கதை இது. நாய் திரும்பிவிட்டது, ஆள் திரும்பவில்லை என்ற ஒரே சான்றைக் கொண்டு மரணத்தை உறுதி செய்துவிட்டனர் அப்பெண்கள். இதற்கு நேர் எதிரான ஒரு வரலாறும் உண்டு. வண்டியும் திரும்பாமல், ஆளும் திரும்பாமல், சான்றே இல்லாமல் ஓர் இளைஞனை இரு கண்டங்கள் தேடிய கதை அது.

ஃபிராங்க் லென்ஸ் 1867இல் பிறந்தவர். ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்தவர்; பிட்ஸ்பர்க் நகரில் கணக்கெழுதும் வேலை. முன்சக்கரம் ஆளுயரம் நிற்கும் பழைய மிதிவண்டிகளில் பந்தயம் ஓட்டிப் பெயரெடுத்தார். புகைப்படக் கலையிலும் பித்து. கணக்குப் பேரேட்டுக்கும் இந்த இரண்டு பித்துகளுக்கும் இடையே எது வென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கு முன்பே தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 முதல் 1886 வரை உயரச் சக்கர வண்டியில் உலகைச் சுற்றிவந்திருந்தார். லென்ஸ் அதையே புதுவகை வண்டியில் செய்ய விரும்பினார். இரு சக்கரமும் ஒரே அளவு, காற்றடைத்த ரப்பர் டயர், ஏறக்குறைய இன்று நாம் ஓட்டும் வண்டி. ‘அவுட்டிங்’ என்ற பத்திரிகை செலவை ஏற்றது. பயணக் கட்டுரைகளும் படங்களும் அதற்குக் கைம்மாறு. 1892 மே மாதம் பிட்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டார். வயது 25.

அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, கப்பலேறி ஜப்பான், பின் சீனா, பர்மா என்று அவர் வழி நீண்டது. சீனத்தின் உட்பகுதியில் பாதையே இல்லாத இடங்களில் வண்டியை இழுத்தும் சுமந்தும் போக வேண்டியிருந்தது. அந்நியர் மீது கோபம் கொண்ட கூட்டங்கள் கல்லெறிந்தன. 1893இன் பிற்பகுதியில் கல்கத்தா வந்தவர், அங்கிருந்து பெருவழிச்சாலையில் வடமேற்காக ஓட்டிக் கராச்சியை அடைந்தார். அவர் பாதையில் தென்னாடு இல்லை. இருந்திருந்தால் நம் ஊர்ப் பழைய நாட்குறிப்புகளில் எங்காவது ஒரு வரி கிடைத்திருக்கும் என்ற சின்ன வருத்தம் எங்களுக்கு உண்டு. பாரசீகம் கடந்து தப்ரீஸ் நகரிலிருந்து 1894 மே மாதத்தில் அவர் துருக்கியின் எல்லையை நோக்கிக் கிளம்பினார். அடுத்த பெருநகரம் எர்சுரூம். அங்கே அவருக்காகக் கடிதங்கள் காத்திருந்தன. அவற்றை வாங்க அவர் வரவில்லை.

இன்றைய வாசகர்க்கு விளங்கக் கடினமானது அதற்குப் பின் வந்த மௌனத்தின் நீளம். மகனிடமிருந்து கடிதம் வரவில்லை என்று பிட்ஸ்பர்க்கில் தாய் கவலைப்படத் தொடங்கியபோது வாரங்கள் கடந்திருந்தன. நண்பர்கள் கவலைப்பட்டபோது மாதங்கள் கடந்திருந்தன. பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடைப்பட்ட மலைநாட்டில் அஞ்சல் தாமதமாவது இயல்புதானே என்ற ஆறுதல் எல்லோருக்கும் கைவசம் இருந்தது. பத்திரிகையோ அவருடைய பழைய கட்டுரைகளைத் தொடர்ந்து அச்சிட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் படிகள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தமையால், அவர் மறைந்து நெடுநாள் ஆன பின்னும் வாசகர்கள் மாதந்தோறும் அவரோடு கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தனர்.

முதலில் அசைந்தவர்கள் அவரை அறிந்த மிதிவண்டிக்காரர்கள். அக்கால மிதிவண்டிச் சங்கங்கள் நம் ஊர் நற்பணி மன்றங்களைப் போன்றவை. ஞாயிறுதோறும் சேர்ந்து ஓட்டுவோர், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர் நிற்போர். பத்திரிகை சுணங்குகிறது என்று அவர்கள் வெளிப்படையாகக் குறைகூறினர், செய்தித்தாள்களும் சேர்ந்துகொண்டன. இன்னொரு பக்கம் எர்சுரூமிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர்களும் பிரிட்டிஷ் தூதர் கிரேவ்ஸும் தம்மாலியன்றவரை விசாரித்தனர். தப்ரீஸ் சாலையில் இன்ன ஊர்வரை ஒரு வெள்ளைக்காரன் விந்தையான வண்டியோடு வந்தான், அதற்கு மேல் கண்டவர் இல்லை என்ற அளவுக்கு வட்டம் சுருங்கியது. மிதிவண்டி அந்த நிலத்தில் யாரும் மறக்க முடியாத காட்சி என்பதே அவர்களுக்கு உதவிற்று. குதிரையில் போயிருந்தால் அவரை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

கடைசியில் 1895இன் தொடக்கத்தில் ‘அவுட்டிங்’ அனுப்பிய ஆள் வில்லியம் சாக்ட்லெபன். இவரும் இளைஞர், மிதிவண்டிக்காரர். நண்பர் தாமஸ் ஆலனோடு கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து பீக்கிங் வரை ஆசியாவை 1891, 1892 ஆண்டுகளில் வண்டியில் கடந்தவர். லென்ஸ் மறைந்த அதே நிலப்பகுதியை எதிர்த்திசையில் ஓட்டியவர். வழியில் அராரத் மலையுச்சியிலும் ஏறியவர். பாதையைக் கால்களால் அறிந்த ஒருவரைத் தேடுநராகத் தேர்ந்தது சரியான முடிவே. ஆனால் அவர் அறிந்திருந்த நாடு இந்த நான்கு ஆண்டுகளில் வேறாகிவிட்டிருந்தது.

ஓட்டோமான் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் 1891இல் சுல்தான் அப்துல் ஹமீது குர்திய இனக்குழுக்களைக் கொண்டு ‘ஹமீதியே’ எனும் குதிரைப்படையை அமைத்தார். ஆயுதமும் அரசு ஆதரவும் பெற்ற தலைவர்கள் ஆர்மீனியக் கிராமங்கள் மீது தங்குதடையின்றிக் கைவைக்கலாயினர். 1894இன் கோடையிறுதியில், அதாவது லென்ஸ் மறைந்து சில மாதங்களில், சாசூன் பகுதியில் படுகொலை நிகழ்ந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் கிழக்கு மாகாணங்கள் முழுவதும் அது பரவிற்று. மாண்டோர் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். இத்தகைய நாட்டில் ஓர் அமெரிக்கன் எங்கே என்று கேட்பது எளிய கேள்வியாக இருக்க முடியாது.

சாக்ட்லெபன் கான்ஸ்டாண்டினோபிளில் அனுமதிக்காகக் காத்துக் கிடந்து, ஒருவழியாக எர்சுரூம் சேர்ந்து, மாதக்கணக்கில் விசாரித்தார். அவருக்குக் கிடைத்த சாட்சியங்கள் அலஷ்கெர்ட் சமவெளியில் உள்ள சில்கானி என்ற சிற்றூரைச் சுட்டின. அங்கே இரவு தங்கிய லென்ஸ், மூஸ்தோ நிசே என்ற குர்தியத் தலைவனின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார் என்றும், மறுநாள் வழியில் மடக்கிக் கொல்லப்பட்டார் என்றும் சொல்லப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. சொன்னவர்கள் பெரும்பாலும் ஆர்மீனியர்கள். அச்சத்தில் வாழ்ந்த அவர்கள் அதை மறைவாகச் சொன்னார்கள்.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றில் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டு நெருக்குதலுக்கு ஏதேனும் செய்தாக வேண்டிய அதிகாரிகள் நடவடிக்கை எடுத்தபோது, குற்றம் சாட்டப்பட்ட குர்தியரோடு ஆர்மீனியக் கிராமத்தாரையும் பிடித்துச் சென்றனர். தலைவன் தப்பினான். சிறைக்குள் போன ஆர்மீனியருள் உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு. சாக்ட்லெபன் எதிர்த்து வாதாடினார், பயனில்லை. நல்ல நோக்கத்தோடு வந்த ஒருவரின் கேள்விக்குப் பதில் சொன்ன குற்றம் அவர்களுடையது. ஊர்க்காரர்களின் நினைவும் துணிவும் இல்லாமல் அந்தத் தேடல் ஓரடியும் நகர்ந்திருக்காது. அதன் தண்டனையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

1895 அக்டோபர் 30 அன்று சாக்ட்லெபன் எர்சுரூமில் இருந்தபோதே அந்நகரிலும் படுகொலை தொடங்கியது. இரண்டு நாள் கழித்து ஆர்மீனிய இடுகாட்டுக்குச் சென்று, வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களைப் படமெடுத்தார். கண்டதை எழுதி லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு அனுப்பினார். அப்படுகொலைகளுக்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சியங்களில் அவை முதன்மையானவை. ஒற்றை மிதிவண்டிக்காரனைத் தேடிப் போனவரின் ஒளிப்படப் பெட்டியில் பதிந்தவை, தேட எவருமற்றவர்களின் முகங்கள். லென்ஸுக்காகப் பத்திரிகைகள் எழுதின, தூதர்கள் கடிதம் விடுத்தனர். அந்த இடுகாட்டில் கிடந்தோருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது லென்ஸின் மரணத்தை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. ஒரு தாய்க்கு எண்ணிக்கை கிடையாது. ஆனால் செய்தித்தாளுக்கு உண்டு. அது விந்தையான முறையில் தலைகீழாக வேலை செய்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் குரங்கணி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டு ஊர்களிலிருந்தும் வந்திருந்த இளைஞர்கள், பெரும்பாலோர் பெண்கள். 23 பேர் மாண்டனர். மறுநாள் விடிந்தபின் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே, இருட்டில், சரிவு இன்னும் புகைந்துகொண்டிருக்கையில் மேலே ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். குரல் வரும் திசையை வைத்தே எந்தப் பள்ளம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. துணியையும் கம்புகளையும் கொண்டு தூளி கட்டி, தீக்காயம் பட்டவர்களைச் சுமந்து இறக்கினர். பின்னர் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. சுமந்தவர்களுடைய பெயர்களைத் தேடினால் பழைய நாளிதழ்களின் உள்பக்கங்களில் ஒன்றிரண்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

கொல்லிமலையிலும் சாலை வருமுன் ஏறியிறங்கிய ஒவ்வொருவரும் மலைமக்களின் கால்களை நம்பியே சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு மருத்துவமும் மறைப்பணியும் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் ஆகியோரின் வரலாற்றைப் படிப்போர் இதை உணரலாம். (தொழுநோய் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன், 1914இல் பிறந்தவர்.) எந்த ஓடை எந்த மாதத்தில் கடக்கத் தகாதது, எந்தப் பாறையில் பாசி படியும், மஞ்சு இறங்கினால் எத்திசையில் நடந்தால் ஆகாயகங்கையின் செங்குத்துப் பள்ளத்தில் விழாமல் தப்பலாம் என்பவை எந்த வரைபடத்திலும் இல்லை. தேடுதல் என்பதே இந்த அறிவுதான். மற்றவை அதற்குத் துணைக்கருவிகள்.

லென்ஸின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அமெரிக்க அரசு இழப்பீடு கேட்டது. இறுதியில் ஓட்டோமான் அரசு 7,500 டாலர் கொடுத்தது. பணம் தாய்க்குப் போயிற்று. சாக்ட்லெபன் மிதிவண்டிப் பயணங்களை விட்டுவிட்டு அமெரிக்காவில் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டார். 2010இல் டேவிட் ஹெர்லிஹி என்ற வரலாற்றாசிரியர் இருவரையும் குறித்து விரிவான நூல் எழுதும்வரை பெரும்பாலோர் அவர்களை மறந்திருந்தனர்.

சில்கானிக்குப் பக்கத்தில் எங்கோ ஓர் ஆற்றங்கரையில் லென்ஸ் புதைந்திருக்கக்கூடும். அவரைக் கண்டதாகச் சொன்ன ஆர்மீனியர்கள் வாழ்ந்த ஊர்களும், 1915க்குப் பின் அந்தச் சமவெளியில் ஆர்மீனிய ஊர்களாக இல்லை.