கடைசிப் பக்கம் எங்கே போனது?

"போனை வைச்சிட்டுப் படு" என்று வீட்டில் கேட்காத இரவு எங்களில் யாருக்கும் இருக்காது. நாங்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "இன்னும் அஞ்சு நிமிசம்." அந்த அஞ்சு நிமிசம் எப்போது முடியும் என்று எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்பது பெரியவர்களின் தீர்ப்பு. உண்மையைச் சொன்னால் நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது போனில் தொடங்கவில்லை.

1833 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூயோர்க்கில் பெஞ்சமின் டே என்ற 23 வயது அச்சகக்காரர் 'சன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகள் ஆறு சதத்துக்கு விற்றபோது இவர் ஒரு சதத்துக்குக் கொடுத்தார். அவருடைய கணக்கு வேறு. மலிவாகக் கொடுத்தால் நிறையப் பேர் வாசிப்பார்கள். நிறையப் பேர் வாசித்தால் விளம்பரக்காரர்கள் காசு தருவார்கள். அதாவது டே உண்மையில் விற்றது பத்திரிகையை அல்ல, அதை வாசித்தவர்களின் கண்ணை. கூட்டம் சேர வேண்டுமே! 1835 ஓகஸ்டில், சந்திரனில் வௌவால் மாதிரிச் சிறகு முளைத்த மனிதர்கள் இருப்பதாக ஒரு தொடர் போட்டார்கள். ஜோன் ஹெர்ஷல் என்ற நிஜமான வானியலாளர் தொலைநோக்கியில் பார்த்ததாகவும் எழுதினார்கள். முழுக்கப் பொய். சனம் அடிபட்டு வாங்கியது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் 'கட்டாயம் பகிரவும்' செய்திக்கு 1835 ஒரு பாட்டன் முறை.

இந்த வியாபாரத்தில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த 1952இல், கொழும்பிலிருந்து 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி போனது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். அமீன் சயானியின் குரலுக்காக இந்தியா முழுக்க வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அதுவும் கவனத்தை விற்ற கதைதான். ஆனால் நிகழ்ச்சி வாரத்துக்கு ஒருமுறைதான். கடைசிப் பாட்டு முடிந்தால் எழும்பிப் போகலாம். பத்திரிகைக்கும் ஒரு கடைசிப் பக்கம் இருந்தது. இன்னொன்று, கேட்பவர் யார், எந்தப் பாட்டுக்கு முகம் மலர்ந்தார் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

இரண்டும் மாறியது எங்கள் காலத்தில்தான்.

2006வரை இணையப் பக்கங்களுக்கும் அடி என்று ஒன்று இருந்தது. அங்கே போய் 'அடுத்த பக்கம்' என்பதை அமர்த்த வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் "போதும், எழும்புவம்" என்ற எண்ணம் வரும். அந்த ஆண்டு ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போக அடுத்தது தானாகவே வந்து நிற்கும் முறையை உருவாக்கினார். வாசிப்பவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். பிறகு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அதே 2006 செப்டெம்பரில் பேஸ்புக் செய்தியோடையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நண்பரின் பக்கத்துக்கு நாங்களாகப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு எல்லாம் எங்களைத் தேடி வந்தது. 2009 பெப்ரவரியில் லைக் பொத்தான் வந்தது.

லைக்கைப் புரிந்துகொள்ளப் புறாக்களிடம் போக வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாவைப் பெட்டிக்குள் விட்டு, ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி செய்தார். எப்போது விழும் என்று புறாவுக்குத் தெரியாதபடி, சிலமுறை விழுந்தும் பலமுறை விழாமலும் இருந்தால், அது விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தானியத்தை அடியோடு நிறுத்தினாலும் லேசில் ஓயவில்லை. சூதாட்ட இயந்திரத்தின் சூட்சுமமும் இதுதான். நல்லூர்த் தேருக்குச் சேலை உடுத்தி எடுத்த படத்தைப் போட்டுவிட்டு, தேர் வீதி சுற்றி வருவதற்குள் எத்தனை தரம் போனைத் திறந்தோம் என்று எண்ணிப் பாருங்கோ. புறாவைப் பார்த்துச் சிரிக்க மனம் வராது. பேஸ்புக்கின் முதல் தலைவர் ஷோன் பார்க்கர் 2017இல் இதை ஒப்புக்கொண்டார். மனித மனத்தின் ஒரு பலவீனத்தைத் தெரிந்துகொண்டே பயன்படுத்தினோம் என்பதே அவர் பேச்சின் சாரம்.

2021இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் வெளியே கொண்டுவந்த ஆவணங்கள் இன்னும் கசப்பானவை. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படும் பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் கவலையைக் கூட்டுகிறது என்று கம்பனியின் சொந்த ஆய்வே சொல்லியிருந்தது. ஆய்வைத் திரித்துச் சொல்கிறார்கள் என்று கம்பனி மறுத்தது. சமூக ஊடகம் இளையோர் மனதை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. எல்லாத் துக்கத்துக்கும் போன்தான் காரணம் என்று நாங்களும் சொல்லவரவில்லை. போர், இடப்பெயர்வு, வேலையில்லாமை என்று எங்கள் வீடுகளில் வேறு காரணங்கள் போதியளவு கிடக்கின்றன. ஆனால் இரவு ஒரு மணிக்கு அடுத்தவரின் கனடா வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அந்தக் காயங்களுக்கு மருந்தில்லை.

அவுஸ்திரேலியா 2025 டிசெம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழானவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. தடை என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் உதறும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டத்துக்குப் பயந்து அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களைப் பூட்டுவதைவிட, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவைக்கும்படி கம்பனிகளைக் கேட்பதே நியாயமாகப் படுகிறது.

போன மாதம் எங்களில் நாலு பேர் எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திப் பார்த்தோம். மூன்றாம் நாளே ஒருவர் திரும்பப் போட்டுவிட்டார். ரியூசன் வகுப்பு நேரம் மாறினது வாட்ஸ்அப்பில் மட்டும்தான் வந்ததாம். அவர் போய்ப் பூட்டின கேற்றுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்.