திருவனந்தபுரக் கடற்கரையின் உரோமை மரபும் தமிழும்

திருவனந்தபுரம் நகரத்திலும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களிலும் ‘லத்தீன்’ என்னும் சொல் அன்றாட வழக்கில் உள்ளது. கத்தோலிக்கருள் ஒரு பிரிவினர் லத்தீன் கத்தோலிக்கர் எனப்படுகின்றனர்; கேரள அரசின் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலிலும் அப்பெயரே இடம்பெற்றுள்ளது. ஆயின் இம்மக்கள் லத்தீன் பேசுவோர் அல்லர். கேரளத்தின் தென்கோடிக் கரையிலிருந்த அவர்களுடைய முன்னோர் கிறித்தவ மன்றாட்டுகளை எந்த மொழியில் கற்றனர் என்னும் வினாவிற்குப் பதினாறாம் நூற்றாண்டுச் சான்றுகள் தரும் விடை ‘தமிழ்’ என்பதாகும். ஒரு மொழியின் பெயர் ஒரு சமூகத்திற்கு உரியதாகி, அச்சமூகத்தின் சமயம் வேரூன்றிய மற்றொரு மொழியின் பங்கு மறக்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பண்டைய உரோமப் பேரரசுடன் இக்கரைக்கு இருந்தது வணிகத் தொடர்பே. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூசு’ என்னும் வழிகாட்டி நூல், முசிறி, நெல்கிந்தா, பக்கரே ஆகிய துறைகளைக் கூறியபின் தெற்கு நோக்கிச் சென்று ‘பரலியா’ என்னும் கரைப்பகுதியையும், அங்கு நல்ல துறைமுகமுடைய ‘பலிதா’ என்னும் ஊரையும், அதன்பின் குமரியையும் குறிக்கிறது. பலிதாவை வர்க்கலை என்பாரும் விழிஞம் என்பாரும் உளர். ‘பரலியா’ என்பது கிரேக்கத்தில் கடற்கரையைக் குறிக்கும் பொதுச்சொல். ஆதலின் அது ‘கரை’ என்னும் தமிழ்ச்சொல்லின் மொழிபெயர்ப்பாகலாம் எனக் கால்டுவெல் கருதினார். உள்ளூர்ப் பெயரொன்றின் திரிபு என்பது பிறர் கருத்து. கால்டுவெல் கருத்துச் சரியாயின், இக்கரை பற்றிய மிகப் பழைய அயல்நாட்டுக் குறிப்புகளுள் ஒன்றே ஒரு மொழிபெயர்ப்பாக அமைகிறது. இந்த வணிகத்திற்கும் பிற்காலக் கத்தோலிக்க மரபிற்கும் இடையே நேர்த்தொடர்ச்சி காட்டுதல் இயலாது. சுற்றுலா நூல்கள் இரண்டையும் ஒரே ‘உரோமைத் தொன்மை’ என இணைத்து எழுதுவது வரலாற்று நெறியன்று.

கத்தோலிக்க உரோமை இப்பகுதிக்கு வருமுன்னரே கிறித்தவம் இங்கு இருந்தது. கி.பி. 849ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் அதற்குச் சான்று. அம்மரபின் சமயமொழி சிரியாக்கு. 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் கொல்லத்தை மறைமாவட்டமாக்கித் தொமினிக்கன் சபைத் துறவி யோர்தானுசு கத்தலானியை ஆயராக நியமித்தார். ஆயினும் அந்நியமனத்தால் கடற்கரை மக்களிடையே நிலைத்த மாற்றம் ஏதும் விளைந்ததாகத் தெரியவில்லை. மாற்றம் விளைந்தது இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே.

1542 மே மாதம் கோவாவை அடைந்த பிரான்சிசு சவேரியார், அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்குச் சென்று, உள்ளூரார் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே திங்களில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவர்கள் முக்குவர் குலத்தவர். இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூவாறு தொடங்கிக் குமரி மாவட்டத்து ஊர்கள்வரை அப்பயணம் நீண்டது. அப்போது அவர் கையாண்ட மன்றாட்டுகள் தமிழில் இருந்தவையே. அன்றைய கரையில் தமிழ் எங்கு முடிந்து மலையாளம் எங்குத் தொடங்கிற்று என்பது எளிதில் தீர்க்கத்தக்க வினா அன்று. ஆனால் முத்துக்குளித்துறையில் ஆக்கிய மன்றாட்டு மேற்குக் கரையிலும் சென்று பயன்பட்டது என்பது மொழியியலார் நின்று நோக்கவேண்டிய செய்தி.

அம்மொழிபெயர்ப்பின் தரம் பற்றிய அரிய குறிப்பொன்று, 1544இல் சவேரியார் தம் உதவியாளர் மன்சில்யாசுக்கு எழுதிய கடிதமொன்றில் உள்ளது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ எனவரவேண்டிய இடத்தில் முதல் மொழிபெயர்ப்பாளர்கள் ‘எனக்கு வேணும்’ என அமைத்துவிட்டனர். அஃது ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படுவதை அறிந்த சவேரியார், அதனை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை இடுமாறு பணிக்கிறார். கிறித்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் ‘வன்பினாலே’ எனப் படிக்கத்தக்க சொல்லையும் விலக்குகிறார். கிறித்து வற்புறுத்தலால் அன்றித் தம் விருப்பத்தால் பாடுபட்டார் என்பது அவர் தரும் காரணம்.

இத்திருத்தம் இருவகையில் பயனுடையது. மொழிபெயர்ப்பு வரலாற்றில், ஒரு சமயக் கருத்து இலக்கு மொழியில் நிகர்ச்சொல் தேடித் தடுமாறிய கணத்தை அது காட்டுகிறது. ‘நம்பு’ என்னும் தமிழ் வினை இருக்கவும் வடசொல்லே தெரிந்தெடுக்கப்பட்டது. நாலரை நூற்றாண்டு கடந்த பின்னும் கத்தோலிக்கர் வழக்கில் அது நிலைபெற்றுள்ளது. மொழி வரலாற்றிலோ, ‘வேணும்’ என்னும் வடிவமே சான்றாகிறது. தமிழெழுத்தில் எழுதுவோர் ‘வேண்டும்’ என்றே எழுதியிருப்பர். தமிழ் எழுத்துமரபை அறியாதவர் காதாற் கேட்டவாறு உரோமை எழுத்தில் பதிந்ததால், பதினாறாம் நூற்றாண்டுக் கரைப்பேச்சின் வடிவம் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. 1554இல் இலிசுபனில் அச்சான, தமிழை உரோமை எழுத்தில் தரும் ‘கார்த்தில்யா’ என்னும் நூலையும் இந்நோக்கில் ஆராய்தல் வேண்டும். இக்கரைக்கு உரோமை அளித்த கொடைகளுள் அதன் எழுத்தைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது.

சவேரியாருக்குப் பின் வந்த என்றிக்கே என்றீக்கசு (தமிழில் அண்டிரீக்கு அடிகளார்) மொழியை முறையாகக் கற்றவர். போர்ச்சுகீசிய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் தமிழை ‘மலபார் மொழி’ என்றே பெயரிடுகிறது. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகிய அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறுநூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சிடப்பெற்றுக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது. அதன் முகப்பு, மொழியை ‘மலவார் தமுல்’ என இரட்டைப் பெயரால் சுட்டுகிறது. இன்று இரு மொழிகளாக எண்ணப்படுவனவற்றை அயலார் ஒன்றெனக் கொண்டதை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. நூற்பெயரில் உள்ள ‘தம்பிரான்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. தமிழில் அது இறைவனையும் தலைவனையும் குறிக்கும். மலையாளத்தில் ‘தம்புரான்’ என அரச குலத்தாரைக் குறிக்கும். கரையின் இருபுறத்தாருக்கும் விளங்கும் சொல்லாக இருந்ததே அது தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணமாகலாம்.

அண்டிரீக்கு அடிகளார் காலத்து மறைச்சொற்களிற் பல போர்ச்சுகீசிய வடிவங்கள்: பூசைக்கு ‘மிசை’, பாவ அறிக்கைக்குக் ‘கும்பசாரம்’, சிலுவைக்குக் ‘குருசு’. பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் பணியாற்றிய தத்துவ போதகர் எனப்படும் நோபிலி வடமொழி வழியைப் பின்பற்றினார். ‘பூசை’, ‘ஞானஸ்நானம்’, ‘பாவசங்கீர்த்தனம்’ முதலியன அவ்வழியில் பரவியவை. தமிழகத்தில் இரண்டாம் அடுக்கு முதலடுக்கைப் பெரும்பாலும் மூடிவிட்டது. கேரளத்திலோ ‘கும்பசாரம்’ இன்றும் வழங்குகிறது. விந்தையான மாற்றம் ஒன்று சிலுவைப் பெயரில் உள்ளது. சிரியாக்கு மரபு வலுவாக உள்ள மலையாளத்தில் போர்ச்சுகீசியச் சொல்லாகிய ‘குரிசு’ பொதுவழக்காயிற்று. சிரியாக்கு மரபு வேரூன்றாத தமிழில், அம்மொழியின் ‘ஸ்லீபா’ என்பதன் வழிவந்த ‘சிலுவை’ பொதுச்சொல்லாயிற்று. ‘குருசு’ தமிழகத்தின் தென்கரையில் ‘குருசடி’ என்னும் தொகைச்சொல்லில் ஒதுங்கி வாழ்கிறது.

ஆட்பெயரும் மொழிபெயர்க்கப்பட்டது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, மார்த்தாண்டவர்மரின் அரசவைப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது இலாசர் என்னும் பெயரை ஏற்றார். ‘கடவுள் துணைசெய்தார்’ என்னும் எபிரேயப் பொருளைத் தழுவிய ‘தேவசகாயம்’ என்பதே அவர் பெயராக நிலைத்தது. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது.

நகரத்தில் கத்தோலிக்க அமைப்புகள் தோன்றியது இவற்றிற்குப் பின்னராகும். பாளையத்துப் புனித யோசேப்பு ஆலயம் 1873ஆம் ஆண்டினது. 1937இல் கொல்லத்திலிருந்து பிரிந்து திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் அமைந்தது; 2004இல் உயர்மறைமாவட்டம் ஆயிற்று. அதற்குமுன் 1930இல் மார் இவானியோசு தம் குழுவினருடன் உரோமைத் திருச்சபையில் இணைந்தார். 1932 முதல் சீரோ மலங்கரைத் திருச்சபைக்கும் இந்நகரே தலைமையிடம். உரோமைத் தலைமையை ஏற்கும் இரு பேராயர்கள், இருவேறு வழிபாட்டு மரபுகளுடன் ஒரே நகரில் உள்ளனர். எனவே இங்கு ‘உரோமன் கத்தோலிக்கர்’ என்பது வேறுபடுத்தும் ஆற்றலை இழந்தது. சுரியானி என்பதற்கு எதிர்ச்சொல்லாக நின்றே ‘லத்தீன்’ பொருள் பெறுகிறது. ‘ஆர்.சி.’ என்பதே போதுமானதாக உள்ள தமிழகத்தில் இச்சொல்லுக்கு அத்தேவை எழவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது இவ்விடத்திலேயே. மலையாளத்தின் ‘லத்தீன் ரீத்து’ என்பதிலுள்ள இரண்டாம் சொல் லத்தீனின் ‘ரித்துசு’ என்பதன் வழிவந்தது. வழிபாட்டு முறையைக் குறிப்பது. ஒலியொப்புமை கருதி அதனை ‘லத்தீன் ரீதி’ என எழுதினால் பொருள் மயங்கும். ‘லத்தீன் வழிபாட்டு முறை’ என்பதே தகும். 2022இல் விழிஞம் துறைமுகத்திற்கெதிரான மீனவர் போராட்டத்தில் முன்னின்ற ‘லத்தீன் அதிரூபதை’யும் தமிழில் ‘லத்தீன் வழிபாட்டு முறை உயர்மறைமாவட்டம்’ என்றே பெயர்க்கத்தக்கது.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. திருச்சபையின் எல்லை அதனோடு முழுதும் ஒத்துச் செல்லவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வூர்களின் பேச்சையும் பூவாறு, விழிஞம் ஆகிய ஊர்களின் பேச்சையும் ஒரே கரைமொழியாகக் கொண்டு, மன்றாட்டுச் சொற்களிலிருந்து தொடங்கி ஆராய்வது மொழியியலார் முன் உள்ள பணி.