மாத்திரைச் செலவுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

நம் குடியிருப்பில் அறுபது தாண்டியவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், நீங்க பேங்க்ல இருந்தவர். மாத்திரைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிற மாதிரி, பிரீமியம் குறைச்சலா ஒரு பாலிசி சொல்லுங்களேன்." லிப்ட் வாசலில் நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதன் பின்னால் எண்பது வருடக் கதை இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் ஏமாந்த கதை. என் மனைவிக்கு ஆஸ்துமா. எண்ணூர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்ஹேலர், அதோடு பி.பி., சர்க்கரை மாத்திரைகள். எனக்கும் பி.பி. உண்டு. ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், பன்னிரண்டு மாத மெடிக்கல் ஷாப் பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, கூட்டல் போட்டு, கவரிங் லெட்டர் வைத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். மொத்தம் 27 ஆயிரத்துச் சொச்சம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. 'உள்நோயாளியாகச் சேர்க்கப்படவில்லை' என்று ஒரே வரி. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று முப்பத்து நான்கு வருடம் செக்குகளைத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த ஒரு வரியின் தொனி எனக்கு நன்றாகத் தெரியும். பாலிசியை எடுத்துப் படித்தேன். அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அடுத்தவர்களுக்கெல்லாம் நிபந்தனைகளைப் படித்துக் காட்டியவன், சொந்தப் பாலிசியைப் படிக்கவில்லை.

சரி, ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? அதைத் தேடிப் போனபோதுதான் வரலாறு கிடைத்தது.

நம் நாட்டில் நோய்க்குக் காப்பீடு என்ற யோசனை தொழிலாளியிடமிருந்து தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943-ல், பேராசிரியர் பி.பி. அடர்கரை அழைத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு திட்டம் தயாரிக்கச் சொன்னது அன்றைய அரசு. அவர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பின் அதன் அடிப்படையில் 1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாம் இ.எஸ்.ஐ. என்கிறோமே, அதுதான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு 1955-ல் கோயம்புத்தூர் வழியாக வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தத் திட்டத்தில் கட்டில் வேறு, மாத்திரை வேறு என்று பிரிக்கவே இல்லை. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி அதைவிட அதிகமாகப் போடுவார். காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரியில் டாக்டரும் மருந்தும், ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியும், எல்லாம் அதற்குள் அடக்கம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் வரிசையாக எழும்பிய காலத்தில் இங்கே குடியேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மிக்சருக்கு வீட்டிலிருந்து பாட்டில் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரி வரிசையில் நின்ற கதை சொல்வார்கள். வரிசையைத் திட்டுவார்கள், மருந்தின் நிறத்தைக் கேலி செய்வார்கள். ஆனால் மாதக் கடைசியில் மருந்துக்கடைப் பாக்கி என்று ஒன்று அந்த வீடுகளில் இருந்ததில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954-ல் டெல்லியில் சி.ஜி.எச்.எஸ். தொடங்கியது. ரயில்வேக்குப் பெரம்பூர் ஆஸ்பத்திரி, துறைமுகத்துக்குத் துறைமுக ஆஸ்பத்திரி, முன்னாள் ராணுவத்தினருக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். இவை எல்லாமே ஓய்வுக்குப் பிறகும் மருந்து கொடுக்கிற ஏற்பாடுகள்தான். பெயரில் இன்சூரன்ஸ் என்று இல்லாவிட்டாலும் மாத்திரைக்கு உண்மையான இன்சூரன்ஸ் இவைதான். இவற்றுக்கு வெளியே நின்றவர்கள் வியாபாரிகள், மீனவர்கள், தனியார் கம்பெனி அலுவலர்கள், அப்புறம் எங்களைப் போன்ற வங்கிக்காரர்கள்.

அந்த மிச்சப் பேருக்கு வந்ததுதான் மெடிக்ளெய்ம். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமை ஆகி, நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அந்த நான்கும் 1986-ல் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் படுத்தால் பணம். அதோடு சேர்வதற்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பியபின் 60 நாள் ஆகிய மருந்துச் செலவும் உண்டு. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன, விளம்பரங்கள் வந்தன, ஆனால் அடிப்படை அச்சு அதுதான். இந்த 30 நாள், 60 நாள் கணக்கை நம்மில் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரி வாசம் முடிந்தபின் வாங்குகிற மருந்துக்கும் பில் பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால் உங்களுடையதில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை ஏன் விட்டார்கள் என்பதற்கு காமர்ஸ் படித்தவன் பாணியில் ஒரு விளக்கம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆயிரம் கடைகள் இருந்தால் வருடத்தில் தீப்பிடிப்பது ஒன்றோ இரண்டோ. அதனால் ஆயிரம் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த ஒருவரைத் தூக்கி நிறுத்தலாம். பி.பி. மாத்திரை அப்படி இல்லை. ஒன்றாம் தேதி வந்தால் வாங்கியே ஆக வேண்டும். அதற்குப் பாலிசி போட்டால் மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும்தான் சேர்வார். ஆளுக்கு வருடம் 24,000 ரூபாய் மருந்து என்றால், கம்பெனி அந்த 24,000-ஓடு தன் ஆபீஸ் செலவு, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்த்துத்தான் பிரீமியம் கேட்க முடியும். ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு, வட்டிக்குப் பதில் அபராதம் கட்டி எடுத்த கதைதான். இப்போது ஓ.பி.டி. இணைப்பு என்று விற்கிறார்களே, அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் இரண்டே எண்களை எழுதுங்கள்: அதற்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியம், அதிலிருந்து வருடத்தில் அதிகபட்சம் எடுக்கக்கூடிய தொகை. இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

"அமெரிக்காவில் தருகிறார்களே, என் மகன் சொன்னானே" என்று சி பிளாக் நண்பர் ஒருவர் மடக்கினார். தருகிறார்கள், உண்மை. ஆனால் அங்கேயும் உடனே வந்துவிடவில்லை. முதியோருக்கான மெடிகேர் சட்டம் 1965-ல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும்தான் பணம், கடையில் வாங்குகிற மாத்திரைக்கு இல்லை. அது 'பார்ட் டி' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது 2006 ஜனவரியில். நாற்பது வருடம்! அதுவும் எப்படி? செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. உடம்பு நன்றாக இருக்கும்போது சேராமல் நோய் வந்தபின் சேருகிறவருக்குப் பிரீமியத்தில் அபராதம் வைத்தது. அரசு பணமும் போட்டு, எல்லோரையும் உள்ளே இழுத்தால்தான் மாத்திரைக்கு இன்சூரன்ஸ் நடக்கும். அடர்கர் திட்டத்தில் கட்டாயச் சம்பளப் பிடித்தம் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

அப்படியானால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்த நாம் எப்படிச் சமாளித்தோம்? மாத்திரையின் விலையே இங்கே இறங்கியதால் சமாளித்தோம். அதில் ஒரு மெட்ராஸ்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் காப்புரிமைச் சட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். வெள்ளைக்காரன் காலத்து 1911-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் இங்கே எடுக்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில் இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றை இங்கே தயாரிப்பதே இல்லை, சந்தையை அடைத்து வைக்கத்தான் பயன்படுகிறது என்று கணக்கோடு காட்டினார். பதினொரு வருடம் இழுத்து 1970-ல் புதிய சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20 முதல் அமலானது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்றது அது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம் என்று ஆனதும் நம் கம்பெனிகள் பெருகின, விலை விழுந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் பழைய முறை திரும்பியபோதும், பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதிது என்று சொல்வதற்குத் தடையாக ஒரு பிரிவை வைத்தார்கள். ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை அந்தப் பிரிவைச் சொல்லித்தான் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. உங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கும் மலிவான பட்டைகளுக்கு இந்தப் பூர்வீகம் உண்டு.

இன்னொன்று, நம் மாநிலமே செய்தது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், பிராண்டு பெயர் இல்லாத மருந்து, ஆய்வகச் சோதனை முடிந்த பிறகே விநியோகம். எனக்குப் பிடித்த அம்சம், ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்ததுதான்! ஒதுக்கிய தொகை வரவு, எடுத்த மருந்து பற்று. நம் ஸ்டான்லியில் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறீர்களே, அதற்குப் பின்னால் இந்தக் கணக்குப் புத்தகம்தான் ஓடியது. வேறு மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து, பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

இதில் நம் அடுக்குமாடிக்காரர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நெட்டுக்குப்பம் மீனவர் வீடுகளில் அந்தப் பெண் பணியாளரை உட்கார வைத்து மோர் கொடுக்கிறார்கள். நம் கேட்டில், "எங்க வீட்ல யாருக்கும் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். கவர்மென்ட் மாத்திரை என்றால் நமக்கு ஓர் இளக்காரம். என் மனைவிக்கும் இருந்தது. டாக்டரிடம் காட்டி, "இதே மருந்துதான், சாப்பிடலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

ஆகவே பாலிசி கேட்கிறவர்களுக்கு என் பதில் இரண்டு பகுதி. கட்டிலுக்குப் பாலிசி கண்டிப்பாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் 65 வயது தாண்டியவர் என்று காரணம் காட்டி மறுக்கும் வயது வரம்பு நீங்கிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். மூத்த குடிமக்கள் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற, கம்பெனி ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதுவும் கட்டிலுக்குத்தான்.

மாத்திரைக்கு வேறு கணக்கு. அரசு கொடுப்பதை வாங்குங்கள். அங்கே இல்லாததை ஜன் ஔஷதியிலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம், குறிப்பாக இன்ஹேலரை. பாலிசியே இல்லாத மூத்த குடிமகன், பழைய வரி முறையில் இருந்தால், ரொக்கமாக இல்லாமல் கட்டிய மருத்துவச் செலவில் 50,000 வரை 80டி பிரிவில் கழிக்கலாம். எங்கள் வீட்டு மருந்துச் செலவு இப்போது மாதம் 900 ரூபாய் அளவில் நிற்கிறது. பெரும்பகுதி இன்ஹேலர்.

கடைசியாக, ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கவனிக்கவும். ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றிருந்தால், வருடம் 120 ரூபாய் கட்டி உங்களுக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். நூற்றிருபது, எழுத்துப் பிழை இல்லை. சம்பளம் வரம்பைத் தாண்டியதால் கடைசி வருடங்களில் வெளியே போனவர்களில் ஒரு பகுதியினருக்கும் இதைத் தர 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தார்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு, மாதச் சம்பளம் 30,000-க்குள் என்பது அதன் நிபந்தனைகளில் சில. ஏ பிளாக்கிலேயே நான்கு பேர் இதைக் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். பழைய இ.எஸ்.ஐ. அட்டை, ஓய்வுக் கடிதம் எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலை 10 மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம்.