தொலைநிலைக் கல்வியில் பதிப்புரிமை

திருவண்ணாமலை அருகே அடி அண்ணாமலை என்ற ஊரில் இருந்தபடியே அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ பட்டம் படிப்பவருக்கு, வகுப்பறையின் இடத்தில் இருப்பது பாட நூல்தான். அதில் பிறர் எழுத்தை எவ்வளவு சேர்க்கலாம்?

விடை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது மீறலாகாது. பாடத்தொகுப்பாக அச்சிட்டு வெளியிடுவதற்கோ கட்டுப்பாடு அதிகம்: ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுக்குள் ஓர் ஆசிரியரின் படைப்புகளிலிருந்து இரண்டு சிறு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது.

முதல் சலுகையின் அகலத்தைக் காட்டியது டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல், நூல் பகுதிகளை மாணவருக்கு நகலெடுத்துத் தந்த ராமேஸ்வரி நகலகத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தல் என்பது வகுப்பறைப் பேச்சோடு முடிவதில்லை என விரித்துப் பொருள் கொண்டது. கற்பித்தலுக்கு எவ்வளவு தேவை என்பதே அளவுகோல் என்றது. தொலைநிலை மாணவருக்கு இது தெம்பூட்டும் தீர்ப்பு. ஆனால் அது இணைய வகுப்பைப் பற்றிய வழக்கு அல்ல. அமெரிக்காவோ இணையவழிக் கற்பித்தலுக்கென 2002லேயே தனிச் சட்டத் திருத்தம் செய்துவிட்டது.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். 1950இல் மறைந்த ரமண மகரிஷி தம் வாழ்நாளில் வெளியிட்ட படைப்புகள் 2011 ஜனவரி முதல் பொதுவுடைமை. அவற்றின் புதிய மொழிபெயர்ப்புகளுக்கு உரிமை தனியே உண்டு.